குரங்குக் கட்சியின் பதில், சுப்பையாவுக்கு

என் அருமை மாப்ள சுப்பையா,

நீ போன இடத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கணும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரமாட்டேங்குது. உன்னை நினைச்சால் எனக்கு முதலில் கோபம்தான் வருது. அழுகை அதுக்குப் பொறவுதான் வருது. நீ பாட்டுக்குக் கேள்வியைக் கேட்டுப்புட்டுப் போயிட்டே. பதிலை வச்சுக்கிட்டு நான் இங்கே யார்கிட்ட முட்டிக்கிறது?

இந்தக் கடுதாசியை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுறேன். சிந்துப் பாட்டு அச்சடிச்சு விக்கிறவர் ஒருத்தர், அடுத்த புத்தகத்தில் கடைசிப் பக்கம் சும்மா கிடக்கு, எதாவது கொடுங்க ராவுத்தரே என்றார். பாட்டு இல்லை, கடுதாசி தாரேன் என்றேன். யாருக்கு என்றார். செத்துப்போனவனுக்கு என்றேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார். குரங்குக் கட்சிக்காரனை எல்லாரும் இப்போ அப்படித்தான் பார்க்கிறாங்க.

ஆமாம், இன்னமும் எனக்கு அந்தப் பேர்தான். இராஜபாளையம் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் வாங்க வருகிறவன்கூட, குரங்கு ராவுத்தர் கடை எது என்றுதான் கேட்டுக்கிட்டு வாரான். சின்னப்பயலுக வாழைப்பழத் தோலைக் கல்லாப்பெட்டி மேல வச்சுட்டு ஓடுதானுக. பள்ளிவாசலில் ஒரு பெரியவர், ஏம்ப்பா காசிம், காமன் பண்டிகையில் போய்ப் பாடுறதே சரியில்லை, அதிலும் குரங்குக்கு வக்காலத்தா என்று கேட்டு ஒரு பாட்டம் தீர்த்துட்டார். வீட்டில் நீ தங்கச்சின்னு கூப்பிடுவியே, என் பொஞ்சாதி, அவ சொல்லுதா: வாலைத் திருகி வெளியில வச்சுட்டு உள்ளே வாங்க, இப்பத்தான் வீடு கூட்டினேன். இம்புட்டையும் நான் யாருக்காகப் பட்டேன்? உனக்கு எதிராளி வேணுமே என்றுதானே பட்டேன்?

படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதனால் ஆதியிலிருந்து சொல்லிப்புடுதேன், உனக்குத் தெரிஞ்சதுதான், பொறுத்துக்கோ.

மாசி மாசம் காமன் பண்டிகைக்கு நாம ரெண்டு பேரும் லாவணி பாடுவோம். காமன் எரிஞ்சான் என்று ஒரு கட்சி, எரியலே என்று ஒரு கட்சி. நீ வன்னியம்பட்டி ஆட்களைக் கூட்டிக்கிட்டு வருவே. நான் இராஜபாளையத்துக் கூட்டத்தோட நிப்பேன். ஒருத்தன் பாட்டில் கேள்வி கேப்பான், அடுத்தவன் அதே மெட்டில் பதில் சொல்லணும். வருஷா வருஷம் காமனை எரிச்சு எரிச்சு நமக்கே அலுத்துப்போச்சு. அப்போதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தாலுகாக் கச்சேரி குமாஸ்தா ஒருத்தர் பேசுறார் என்று என்னையும் இழுத்துக்கிட்டுப் போனே.

சீமையில் ஒரு தாடிக்காரப் பெரியவர் கண்டுபிடிச்சு எழுதியிருக்காராம். மனுஷனும் குரங்கும் ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி ஒரே வயித்து வழி வந்தவங்களாம். கொஞ்சம் கொஞ்சமா மாறி மாறி நாம இப்படி ஆயிட்டோமாம். குமாஸ்தா வேர்த்து விறுவிறுத்துச் சொல்லிக்கிட்டு இருந்தார். கேட்டவங்க பாதிப்பேர் சிரிச்சாங்க, மீதிப்பேர் தூங்கினாங்க. நான் சிரிச்ச கூட்டம். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாப் பட்டுச்சு. நீ மட்டும் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டே. வெளியில் வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நீ சொன்னது எனக்கு அப்படியே இருக்கு:

"மாப்ள, குரங்கே நமக்குச் சொந்தம்னு ஒருத்தன் சொல்லுதான். அப்போ உனக்கும் எனக்கும் எம்புட்டுச் சொந்தம் இருக்கும், நினைச்சுப் பாரு."

அந்த மாசியில் காமனை ஓரங்கட்டிட்டு இதையே பாடுவோம் என்று முடிவு பண்ணினோம். மனுஷக் கட்சி ஒண்ணு, குரங்குக் கட்சி ஒண்ணு. உனக்கு எது, எனக்கு எது என்று நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியாதே. வழக்கப்படி ரெண்டு வெத்தலையை மடிச்சு வச்சாங்க. சுண்ணாம்பு தடவின வெத்தலை யாருக்கு வருதோ அவன் குரங்குக் கட்சி. எனக்கு வந்துச்சு. நம்பாதவன் நம்பினவன் மாதிரிப் பாடணும். நம்பின நீ எதிர்த்துப் பாடணும். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. எனக்குச் சிரிப்பு வரலே.

நம்பினதை எதிர்த்துப் பாடுற ஆள் மாதிரியா நீ பாடினே? எடுத்த எடுப்பிலேயே என் மடியில் கை வச்சே.

வாலிருந்தா ஈ விரட்ட வாகா இருக்குமே – அதை
வாங்கிக்கிட்டுப் போனவன் யார் ராவுத்தரே?
மேலிருந்த ரோமமெல்லாம் மேஞ்சது யாரு – என்னை
மார்கழியில் கம்பளிக்கு அலைய விட்டது யாரு?

சனம் உருண்டு சிரிச்சுது. நானும் விடலே.

பாயில் குந்த இடைஞ்சலின்னு பறிச்செறிஞ்சோம் வாலை – நீ
வாயில் மட்டும் வச்சிருக்கே, வேற என்ன வேலை?

அதுக்கும் சிரிச்சாங்க. ஆனா உனக்குச் சிரிச்ச அளவுக்கு இல்லே. நியாயந்தானே? கேக்கிறவனுக்கு ஒரு வரி போதும். பதில் சொல்லுறவன் மூச்சு வாங்கணும். அடுத்தாப்ல அனுமாரையே கூட்டிக்கிட்டு வந்துட்டே.

அம்புட்டு யுகம் ஆச்சு, அனுமார் அப்படியே நிக்காரு – அவரை
மனுசனாக்க மறந்துபோன மணியக்காரர் யாரு?

இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அனுமாரைத் தொட்டு நான் ஒரு வார்த்தை பாடினால் அதோட கதை வேற. சாமி உன் சாமி, நீயே பேசிக்கோ என்று கும்பிடு போட்டுட்டு அடுத்த மெட்டுக்குத் தாவினேன். நீயும் பதிலுக்கு ஒரு மரியாதை வச்சிருந்தே, அதை நான் மறக்கலே. எங்க ஆதம் நபியைப் பத்தி நீ ஒரு வரி கேட்டிருந்தால் அன்னைக்கே நான் எந்திரிச்சுப் போயிருப்பேன், நீ ஜெயிச்சிருப்பே. கடைசி வரைக்கும் கேக்கலே. கேக்கத் தெரியாதவனா நீ?

ரெண்டு மூணு மாசி இப்படி ஓடுச்சு. பாட்டு ஊர் ஊராப் போச்சு. செட்டியார்பட்டிச் சந்தையில் உன் வால் பாட்டைப் பாடி ஒருத்தன் மோர் வித்தான். இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும், மனுஷன் குரங்கிலிருந்து வந்தானா, போய்யா, சுப்பையா பாட்டைக் கேளு என்பான். நீ நம்பினவன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

போன வருஷ மாசியில் நீ கடைசியாக ஒண்ணு கேட்டியே, அங்கேதான் நான் மாட்டிக்கிட்டேன்.

மூத்த குரங்கம்மா முதல் மனுசனைப் பெத்தாளே – அந்த
முகத்தைப் பாத்து அழுதாளா, முத்தம் வச்சாளா?
சாத்திரக்காரா, எம் மச்சானே, சபையில சொல்லு – அவ
சாதி இல்லைன்னு தள்ளினாளா, தூக்கி வச்சாளா?

குமாஸ்தா சொன்னதை எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன், அதில் இது இல்லே. கூட்டம் சிரிச்சுது. நீ சிரிக்கலே. எப்பவும் கேள்வியை வீசிட்டு மீசையைத் தடவுற ஆள், அன்னைக்கு என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னே. அது ஏன் என்று எனக்கு அப்போ விளங்கலே.

பதில் இல்லாட்டா என்ன வழக்கம்? கேட்டவன் தன் துண்டில் ஒரு கீறு கிழிச்சு, மஞ்சள் தடவி, எதிராளி பாட்டுக்குத் தட்டுற டேப்பு மேளத்துக்குக் குறுக்கே கட்டிப்புடுவான். தோல் மேலே அந்தக் கட்டு இருக்கிற வரைக்கும் அந்த டேப்பை யாரும் தட்டக் கூடாது, எங்கேயும் கூடாது. அடுத்த மாசிக்குள்ளே பதில் தேடிக்கிட்டு வரணும். சபையில் பாடணும். கேட்டவனுக்குத் திருப்தி என்றால் அவன் கையாலே அவுத்து விடணும். வேற எவன் கையும் அதில் படக்கூடாது. நீதான் கட்டினே. கட்டும்போது, இறுக்கமா இருக்கா மாப்ள என்று விசாரிப்பு வேற.

அந்தக் கட்டோட நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். எங்க தர்கா கந்தூரிக்கு வருஷம் தவறாமல் தட்டுற கை இது. இந்த வருஷம் ஓரமா உட்கார்ந்து மத்தவன் தட்டினதுக்குத் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். விரல் தானா முழங்காலில் தாளம் போட்டுச்சு.

பதில் எப்படிக் கிடைச்சுது தெரியுமா? இதை உன்கிட்ட நேரில் சொல்லணும் என்று எம்புட்டு ஆசையா இருந்தேன். ஐப்பசியில் ஒரு நாள், தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவப் பள்ளிவாசல் தொட்டியில் குனிஞ்சேன். தண்ணியில் என் முகம். தாடி வெளுத்துக் கிடக்கு. இது எப்போ வெளுத்துச்சு என்று ஒரு நிமிஷம் அப்படியே குனிஞ்சபடி நின்னேன். எந்த நாள் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு நாளும் முந்தின நாள் மாதிரிதானே இருந்துச்சு. அப்போதான் பளிச்சின்னு பட்டுச்சு. முதல் மனுஷன் என்று ஒருத்தன் ஒரு நாளும் பிறக்கவே இல்லே மாப்ள. எந்தப் பிள்ளையும் பெத்தவ மாதிரிதான் பிறந்திருக்கும். எந்தக் குரங்கம்மாவுக்கும் இது நம்ம பிள்ளை இல்லைன்னு தோணியே இருக்காது. அப்படியே லட்சம் தலைமுறை தாண்டி வந்தால் நீயும் நானும். மூணு வருஷமா நம்பாமல் பாடினேனே, அந்தத் தொட்டியடியில் முதல் தடவையா நம்பினேன்.

கடையைப் பூட்டிட்டு அன்னைக்கே வண்டி பிடிச்சு வன்னியம்பட்டிக்கு வந்தேன். பதில் சொல்ல இல்லே, பதில் கிடைச்சிருச்சு என்று சொல்லி உன் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறதுக்கு. வந்து பார்த்தால் தெருவில் வேப்பிலை. உங்க வீட்டுப் படலுக்கு முள்ளு வச்சிருக்காங்க. ஊருக்குள்ளே வாந்திபேதி, உனக்கும் வந்திருச்சாம். உள்ளே விட மாட்டேன்னுட்டாங்க. தொழுவத்தில் கயித்துக் கட்டிலில் நீ கிடந்தது படலுக்கு வெளியிலிருந்து தெரிஞ்சுது. ஆளே பாதியாயிட்டே.

சுப்பையா, பதில் வந்திருச்சுலே என்று கத்தினேன். நீ தலையைத் திருப்பினே. கண்ணு சிரிச்சுது. எனக்கு அப்போ சபையும் மண்ணும் ஒண்ணும் ஞாபகம் இல்லே. உனக்கு அந்தப் பதிலைச் சொல்லிப்புடணும், அம்புட்டுத்தான். முதல் வரியை எடுத்தேன். நீ என்ன செஞ்சே? ரெண்டு கையையும் தூக்கிக் காதைப் பொத்தினே. தண்ணி வத்தின அந்தக் குரலில் சொன்னே:

"சபையில சொல்லு மாப்ள. இங்க சொன்னா செல்லாது."

ஏலே, சாகக் கிடக்கிறவனுக்கு என்னலே சட்டம்? ஒரு பாட்டைக் கேட்டிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பே? உன் பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? எந்திரிச்சு வந்துருவோம் என்று நினைச்சிட்டியா? மறுநாள் பொழுது சாயுறதுக்குள்ளே சேதி வந்துருச்சு. பதில் என் தொண்டையிலேயே நின்னுபோச்சு.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியலே. நீ போனதைக்கூட அல்லாவோட கணக்கு என்று ஒரு மாதிரி ஏத்துக்கிட்டேன். நீ காதைப் பொத்தினதை ஏத்துக்க முடியலே. நாலு மாசமா கடையில் மிளகாய் நிறுக்கும்போதும் சோத்தில் கை வைக்கும்போதும் அந்த ரெண்டு கையும் என் கண்ணுக்கு முன்னாடி வருது.

மாசி வந்துச்சு. உங்க கட்சிக்கு உன் தம்பி வேலு தலைவனாயிட்டான். மூணு வண்டியில் வன்னியம்பட்டி ஆட்கள் வந்து இறங்கினாங்க. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சபை கூடிச்சு. பண்டிகை நடத்துற ராஜு ஐயா நடுவில் உட்கார்ந்திருந்தார். நான் கட்டுப்போட்ட டேப்பை அவர் முன்னாடி வச்சு, பதில் கொண்டுவந்திருக்கேன், பாட உத்தரவு வேணும் என்றேன்.

வேலு எந்திரிச்சான். கேட்டவர் எங்கண்ணன், அவர் இல்லே, அதனால் பதிலும் செல்லாது, கட்டு கட்டுதான் என்றான். ராவுத்தர் தோத்ததாக ஒத்துக்கிட்டு டேப்பை எங்க கட்சிக்கிட்ட ஒப்படைக்கட்டும், குரங்குக் கட்சி இத்தோட கலைஞ்சது என்று சபையில் சொல்லட்டும் என்றான். அவனுக்கு நம்ம விளையாட்டு தெரியாது மாப்ள. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஜெயிச்சவன் தலையில் கட்டுற பரிவட்டம்தான். உன் பேரைச் சொல்லி அதைத் தன் தலையில் கட்டிக்கணும். ராஜு ஐயா நல்ல மனுஷன், ஆனால் வழக்கம் என்றால் கல்லு. "ஏமி சேத்தும், ராவுத்தரே" என்று அவர் வீட்டுத் தெலுங்கில், என்ன செய்யட்டும் என்கிற மாதிரிச் சொல்லிட்டு, கேட்டவன் கைதான் அவுக்கணும், நான் மாத்த முடியாது என்றார்.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். அவுக்க வேண்டாம்யா, டேப்பே வேண்டாம், கேட்டாவது தொலைங்க என்று சொல்லிட்டு வெறுங்கையைத் தட்டிப் பாட ஆரம்பிச்சேன். தாளம் இல்லாத பாட்டை எவன் கேட்பான்? ரெண்டாவது அடி எடுக்கும் முன்னாடி வேலு பக்கத்திலிருந்து ஒருத்தன் குரங்கு மாதிரிக் கத்தினான். பின்னாடியே அம்பது பேர் கத்தினாங்க. உன் வால் பாட்டை எடுத்து எல்லாருமாப் பாடினாங்க. உன் பாட்டை வச்சே என் வாயை அடைச்சாங்க சுப்பையா. நீ விளையாட்டுக்குக் கேட்டதை எல்லாம் அவங்க கல்லாக்கி எறிஞ்சாங்க. நான் உட்கார்ந்துட்டேன். கண்ணில் தண்ணி வந்துருச்சு. யாரும் பார்க்கக் கூடாது என்று தலைப்பாகையை இறக்கி விட்டுக்கிட்டேன்.

அப்போதான் பொம்பளைங்க பக்கத்திலிருந்து செல்லத்தாயி எந்திரிச்சா. ஆமா, உன் பொஞ்சாதிதான். வண்டியில் அவளும் வந்திருக்கா என்றே எனக்குத் தெரியாது. இடுப்பில் உன் மக பேச்சி. பிள்ளை முகத்தை முந்தானையால் மூடியிருந்தா. தாலி அறுத்தவ மாதிரி ஒடுங்காமல், நிமிர்ந்து சபைக்கு நடுவில் வந்தா. வேலு, மதினி நீங்க எங்கே வாரீக, போய் உட்காருங்க என்றான். அவ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கலே. ராஜு ஐயாவைப் பார்த்துச் சொன்னா:

"அந்தக் கேள்வியக் கேட்டது அவிய இல்லங்கய்யா. நாந்தான்."

கூட்டம் கத்துறதை நிப்பாட்டிச்சு. அவ பிள்ளை மேல கிடந்த முந்தானையை எடுத்தா. பேச்சி உதடு பிளந்து பிறந்தவ என்று எனக்குத் தெரியும், தூரத்திலிருந்து பார்த்திருக்கேன். சபையில் பாதிப்பேருக்கு அது புதுசு. செல்லத்தாயி சபையிலேயே சொன்னா, இவ பிறந்த அன்னைக்குத் தெருவே வந்து எட்டிப் பார்த்துட்டு, சுப்பையாவுக்குக் குரங்கு பிறந்திருக்கு என்று சொல்லிட்டுப் போச்சாம். வேலு வீட்டுப் பொம்பளைங்ககூடப் பிள்ளையைத் தொட்டுத் தூக்கலையாம். நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டுட்டு வந்த கதையை வீட்டில் வந்து சொல்லியிருக்கே. போன வருஷ மாசிக்குக் கொஞ்சம் முந்தி, அடுப்புப் பக்கத்தில் பிள்ளைக்குச் சங்கில் பால் இறக்கிக்கிட்டு இருந்தவ உன்கிட்ட கேட்டிருக்கா: அப்போ முதல் மனுஷனைப் பெத்த குரங்கு அதைத் தூக்கிச்சா, தள்ளிச்சா? உனக்குப் பதில் தெரியலே. காசிம் சொல்லுவான், அவன்கிட்ட சபையில் கேக்கேன் என்று சொன்னியாம்.

பாவி மனுஷா, இதை ஏன்லே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலே? மூணு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வெத்தலை போட்டியே. தெரு உன் பிள்ளையைக் குரங்கு என்று சொன்னதைத் தொண்டைக்குள்ளே வச்சுக்கிட்டு எப்படி அந்த வால் பாட்டைப் பாடினே? கூட்டம் சிரிச்சபோது உனக்கு எப்படி இருந்துச்சு? அன்னைக்கு நீ மீசையைத் தடவாமல் என் வாயையே பார்த்ததுக்குக் காரணம் இதுதானா? என்னைத் தோக்கடிக்கவா கேட்டே, இல்லே நான் ஜெயிக்கணும் என்று கேட்டியா?

ராஜு ஐயா பேச்சியைப் பார்த்தார். பொறவு, கேட்டவங்க இருக்காங்க, பதில் செல்லும், பாடும் ராவுத்தரே என்றார். வேலு தரையைப் பார்த்தான்.

நான் சபையைப் பார்த்துப் பாடலே மாப்ள. செல்லத்தாயிக்கு முன்னாடி தரையில் உட்கார்ந்து, கையைத் தட்டாமல், மெல்லத்தான் பாடினேன்.

பெத்தவளுக் கெந்நாளும் பேதம் தெரியலே – அவ
பிள்ளை முகம் தன் முகமாப் பாத்தா, பிரியலே
எத்தனையோ தலைமுறையா இதுவே கதையாம் – எந்த
ஆத்தாளும் தன் பிள்ளையை அயலின்னு சொல்லலே.

பேச்சி என் தாடியைப் பிடிச்சு இழுத்தா. பாட்டு முடிஞ்சும் விடலே. நான் டேப்பை எடுத்துச் செல்லத்தாயி பக்கம் நீட்டினேன். அவ குனிஞ்சு முடிச்சில் கை வச்சா. ஒரு சுத்து அவுத்தா. அப்புறம் கையை எடுத்துக்கிட்டா.

"தாயி தூக்கிக்கிட்டா, சரி அண்ணே. அது எனக்கே தெரியும். மத்த குரங்குக என்ன செஞ்சுச்சு? அதைச் சொல்லுங்க, முழுசா அவுத்து விடுதேன்."

சொல்லிட்டு என்னைப் பார்க்கலே. வன்னியம்பட்டி வண்டிக்காரங்க உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தா. அங்கே ஒருத்தரும் தலை நிமிரலே. முதலில் குரங்கு மாதிரிக் கத்தினானே, அவன் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன் என்று போயிட்டான். ராஜு ஐயா மட்டும், கேள்வி செல்லும் என்றார். அத்தோட சபை கலைஞ்சுது.

ஆக, டேப்பில் இன்னும் கட்டு இருக்கு. புருஷனும் பொஞ்சாதியுமா சேர்ந்து என்னை ஒருவழி பண்ணிட்டீங்க. வீட்டுக்கு வந்து டேப்பை ஆணியில் மாட்டிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உன் தங்கச்சி தடுக்கலே. ஏசி முடிச்சதும், நாளைக்கு நானும் வன்னியம்பட்டிக்கு வாரேன், பிள்ளையைப் பார்க்கணும் என்றாள்.

இந்தக் கேள்விக்குப் பள்ளிவாசல் தொட்டியில் பதில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சீமைப் பெரியவர் புத்தகத்திலும் இருக்காது. மத்த குரங்குகள் என்ன செஞ்சுச்சு என்று உங்க தெருதான் சொல்லணும். அதனால் உனக்கு ஒரு சத்தியம் பண்ணித் தாரேன், இதையாவது காதைப் பொத்தாமல் கேளு. மாசம் தவறாமல் நான் அந்தத் தெருவுக்குப் போவேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேச்சியைத் தோளில் வச்சுக்கிட்டு நிப்பேன். கையை நீட்டி வாங்குறவங்க பேரை எல்லாம் பாட்டில் வச்சு அடுத்த மாசியில் சபையில் பாடுவேன். கதவைச் சாத்துறவங்க பேரையும் விட மாட்டேன், வேலு பேர் உள்பட. டேப்பு இல்லாட்டாலும் பாடுவேன்.

செல்லத்தாயி என்னை அண்ணன் என்று சபையில் கூப்பிட்டுட்டா. இனி நீ என்ன சட்டம் பேசினாலும் செல்லாது.

இப்படிக்கு,
உன் மச்சானும் எதிராளியும்,
பேச்சிக்குத் தாய்மாமனுமான
காசிம் ராவுத்தன்,
இராஜபாளையம்